செடிக்கு நட்டஈடு உண்டு, நட்டவருக்கு?



2025 டிசெம்பரில் நூக்சாக் ஆறு மறுபடியும் எல்லை தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியாவின் சூமாஸ் சமவெளிக்குள் வந்தபோது, எங்கள் வட்டத்துக்குள்ளேயே இரண்டு குரல் கேட்டது. "பாவம் பண்ணைக்காரர், அரசாங்கம் உடன காசு குடுக்க வேணும்" என்பது ஒன்று. "மில்லியன் கணக்கில காணி வச்சிருக்கிறவைக்கு எங்கட வரிக்காசு ஏன்?" என்பது மற்றது. இரண்டுமே பாதிக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

நிவாரணம் கொடுக்க வேணுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கொடுக்கத்தான் வேணும். ஆனால் அந்தக் காசு எதை எண்ணிக் கொடுக்கப்படுகிறது? கனடாவில் இன்றைக்கு அது காணியை எண்ணுகிறது, செடியை எண்ணுகிறது, மாட்டையும் கோழியையும் எண்ணுகிறது. அந்தச் செடியை நட்ட ஆளை எண்ணுவதில்லை. இதை மாற்றச் சொல்லிக் கேட்பது எங்கட வேலை. அதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தமுறை வெள்ளத்தைப் பற்றி யோசிக்க, 2021 வெள்ளத்துக்கு என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் நல்ல வழி. அதற்கான நிவாரணத் திட்டம் முழுசாக எங்கள் கண்முன் இருக்கிறது.

2021இல் நடந்தது

2021 நவம்பர் 14, 15 ஆகிய இரண்டு நாளும், வானிலை ஆய்வாளர்கள் 'வளிமண்டல ஆறு' என்று சொல்கிற பெருமழை தென்மேற்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் கொட்டியது. நூக்சாக் ஆறு இருப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில். அது கரை புரண்டு வடக்கே திரும்பி, எல்லையைக் கடந்து, அபொட்ஸ்ஃபோர்ட் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிற சூமாஸ் சமவெளிக்குள் இறங்கியது. வெள்ளத்தடுப்புக் கரை உடைந்தது. தண்ணியை ஃபிரேசர் ஆற்றுக்குள் இறைத்துவிடுகிற பாரோடவுன் பம்ப் நிலையமும் 16ஆம் தேதி இரவு நின்றுபோகிற நிலைக்கு வந்தது. பொதுசனம் மணல் மூட்டை அடுக்கித்தான் அதைக் காப்பாற்றியது. 17ஆம் தேதி மாகாணம் அவசரகால நிலையை அறிவித்தது.

மாகாண அரசின் கணக்குப்படி ஏறத்தாழ 1,100 பண்ணைகளும் 15,000 ஹெக்டேயர் நிலமும் பாதிக்கப்பட்டன. 628,000 கோழிகளும் ஏறத்தாழ 12,000 பன்றிகளும் 420 பால் மாடுகளும் செத்தன. அந்த நாட்களில் முழங்கால் தண்ணிக்குள்ளால் மாடுகளை இழுத்துக்கொண்டு போன படங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

செடிகளின் அழிவு அப்படிப் படத்தில் தெரியாது. புளூபெரிச் செடி பார்வைக்குத் தண்ணிக்கு மேலே பச்சையாகத்தான் நிற்கும். வேர் மூச்சுவிட முடியாமல் கிடந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சாகும். ஒரு புளூபெரித் தோட்டம் முழு விளைச்சலுக்கு வர ஆறு, ஏழு வருஷம் போகும். பிடுங்கிவிட்டுப் புதுசாக நட்டால் அத்தனை வருஷமும் திரும்ப முதலில் இருந்துதான்.

மரக்கன்றும் பூஞ்செடியும் வளர்த்து விற்கிற நேர்சரிகளின் நிலைமை இதைவிடச் சிக்கல். ஃபிரேசர் பள்ளத்தாக்குத்தான் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நேர்சரித் தொழிலுக்கு நடுநாயகம். அங்கே சரக்கு என்பது சட்டிகளில் வரிசையாக நிற்கிற உயிருள்ள செடி. ஒரு வேலிமரம் விற்கிற உயரத்துக்கு வர வருஷங்கள் எடுக்கும். சட்டி மிதந்து போனால் போனதுதான். போகாமல் நின்றாலும், டீசலும் எருவும் கழிவும் கலந்த தண்ணியில் ஊறின செடியை ஆர் வாங்குவான்? நட்டஈட்டுக்கு விலை போடுவதும் லேசில்லை. அது இன்றைக்குக் கன்று, மூன்று வருஷத்தில் மரம். எந்த வயசின் விலையைப் போடுவது?

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், சின்னப் பண்ணைக்காரரின் நட்டத்தை "முதலாளி பிரச்சினை" என்று தட்டிவிட ஏலாது என்பதுதான். நிவாரணம் இல்லாவிட்டால் முதலில் விழுவது கடன் எடுத்து 10, 20 ஏக்கர் வைத்திருக்கிற குடும்பம். அந்தக் காணியை அரைவிலைக்கு வாங்கக் காத்திருப்பது பெரிய கம்பனி. அபொட்ஸ்ஃபோர்டின் புளூபெரித் தோட்டங்களில் பெரும்பகுதி பஞ்சாபிக் குடும்பங்களுடையது. அதில் எத்தனையோ பேரின் தாய் தகப்பன் அதே பள்ளத்தாக்கில் கூலிக்குப் பழம் பிடுங்கியவர்கள்தான். அவர்களைக் கைவிடச் சொல்கிற இடதுசாரித்தனம் எனக்கு விளங்காது.

காசு எப்படி வந்தது

2022 பெப்ரவரி 7ஆம் தேதி, மத்திய அரசின் விவசாய அமைச்சர் மரி-குளோட் பிபோவும் மாகாண விவசாய அமைச்சர் லானா பொப்பமும் சேர்ந்து 228 மில்லியன் டொலர் வரையிலான வெள்ள மீட்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அது 'அக்ரிரிக்கவரி' என்கிற கட்டமைப்புக்குள் வந்தது. வழமைபோல மத்திய அரசு 60 வீதம், மாகாணம் 40 வீதம்.

அக்ரிரிக்கவரியின் அடிப்படை இது: அனர்த்தத்துக்குப் பிறகு பண்ணை திரும்ப இயங்குவதற்கு வருகிற வழமைக்கு மாறான செலவுகளில் ஒரு பங்கை அரசு ஏற்கும். துப்பரவு, செத்த மிருகங்களை அகற்றுவது, மண்ணைத் திருத்துவது, பல வருஷப் பயிரைத் திரும்ப நடுவது எல்லாம் அதற்குள் அடங்கும்.

போன வருமானத்தை அது தராது. அதற்கு வேறு திட்டங்கள் இருக்கின்றன. விளைச்சல் நட்டத்துக்கு 'அக்ரிஇன்சூரன்ஸ்'. பண்ணையின் இலாப விளிம்பு வழமையான அளவில் இருந்து 30 வீதத்துக்கு மேல் விழுந்தால் 'அக்ரிஸ்டெபிலிட்டி'. வெள்ளத்துக்குக் காப்புறுதி எடுக்க முடியாத இடங்களில், மாகாணத்தின் அனர்த்த நிதியுதவியும் தனியாக இருக்கிறது. அதில் 2021 வெள்ளத்துக்கு ஒரு விண்ணப்பத்துக்கு 300,000 டொலர் வரை, ஏற்றுக்கொள்ளப்பட்ட நட்டத்தில் 80 வீதம் கிடைக்கக்கூடியதாக இருந்தது.

ஆக, பண்ணை நடத்துகிறவருக்கு நாலு அடுக்குப் பாதுகாப்பு. ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கிறது, தாமதம் இருக்கிறது, படிவம் நிரப்பியே சனம் களைத்துப் போகும். உண்மைதான். ஆனால் அடுக்கு என்று ஒன்று இருக்கிறது.

விண்ணப்பதாரர் ஆர்?

இந்த நாலிலும் விண்ணப்பிக்கிற ஆள் பண்ணையை நடத்துபவர், அல்லது சொத்துக்கு உரியவர். அங்கே கூலிக்கு வேலை செய்கிறவரின் பெயர் வந்தால், உரிமையாளரின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக மட்டும்தான் வரும். சேறு அள்ளினவரின் சம்பளம் 'துப்பரவுச் செலவு'. சேறு அள்ளவே கூப்பிடப்படாதவர் எந்த வரியிலும் இல்லை.

அந்த ஆக்கள் ஆர் என்று பிரித்துப் பார்க்க வேணும். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை.

முதலாவது, பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டத்தில் வருகிறவர்கள். 1966இல் ஜமேக்காவோடு தொடங்கியது, 1974இல் மெக்சிக்கோ சேர்ந்தது. அதிகபட்சம் 8 மாதம், டிசெம்பர் 15க்குள் நாட்டைவிட்டுப் போய்விட வேணும். பழத்தோட்டத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நேர்சரி, பூ, நத்தார் மரம் எல்லாம் அந்தத் திட்டத்தின் பயிர்ப் பட்டியலில் இருக்கிறது. வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. தோட்டம் தண்ணிக்குள் போனால், பக்கத்துத் தோட்டத்தில் ஆள் தேவை என்றாலும் நினைத்தவுடன் போக முடியாது.

"நவம்பர் நடுப்பகுதியில கனபேர் ஊருக்குப் போயிருப்பினமே, அவைக்கு என்ன நட்டம்?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. இந்த ஆக்களின் நட்டம் வெள்ளத்தண்ணியோடு வருவதில்லை, அடுத்த வருஷம்தான் வரும். இந்தத் திட்டத்தில் முதலாளி தனக்குத் தேவையான ஆளைப் பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிடலாம். புளூபெரித் தோட்டம் செத்துப்போனால் அடுத்த பருவத்துக்குக் கூப்பிட ஆள் தேவையில்லை. மெக்சிக்கோவில் ஒரு கிராமத்தில் ஒருவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பார், அழைப்பு வராது. தோட்டத்துக்குப் போன ஆறு வருஷத்துக்குச் செடியைக் கணக்கில் எடுத்து நட்டஈடு இருக்கிறது. அவருக்குப் போன பருவத்துக்கு ஒரு படிவம்கூட இல்லை.

இரண்டாவது, குவாத்தமாலா போன்ற நாடுகளில் இருந்து விவசாயப் பிரிவில் இரண்டு வருஷம் வரை அனுமதியோடு வருகிறவர்கள். இவர்கள் குளிர்காலத்திலும் இங்கேதான். படுக்கை முதலாளி கொடுத்த வீட்டில். பண்ணை மூழ்கினால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும்.

மூன்றாவது, உள்ளூர்க் கூலிகள். பஞ்சாபில் இருந்து பிள்ளைகள் கூப்பிட்டு வந்த வயசான அம்மாக்கள், அப்பாக்கள், புதுசாக வந்த குடும்பங்கள். ஒப்பந்தக்காரரின் வானில் ஏறிப் போய் எடைக்குக் காசு என்று பழம் பிடுங்குகிறவர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் தொழில் சட்டத்தில் விவசாயத் தொழிலாளருக்கு ஓவர்டைம் உரிமை கிடையாது. 2007 மார்ச்சில் அபொட்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வான் கவிழ்ந்து மூன்று பெண்கள் செத்தார்கள். இவர்களுக்கு ஈ.ஐ. எண்டு நாங்கள் சொல்லுற வேலையிழப்புக் காப்புறுதி உண்டு. ஆனால் இடத்தைப் பொறுத்து 420 தொடக்கம் 700 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேணும். கோடையில் தோட்டம் இல்லையென்றால் மணித்தியாலம் சேராது. மணித்தியாலம் சேராவிட்டால் குளிர்காலத்தில் ஈ.ஐ. இல்லை. ஒரு வெள்ளம் இரண்டு பருவத்தைத் தின்னும்.

பருவகாலத் தொழிலாளரின் கதை இதைவிட மோசம். அவர்களின் சம்பளத்தில் இருந்தும் ஈ.ஐ. தவணை வெட்டப்படுகிறது. ஆனால் வேலை முடிந்தால் நாட்டைவிட்டுப் போக வேணும், போனால் "வேலைக்குத் தயாராகக் கனடாவில் இருக்கிறேன்" என்று சொல்ல முடியாது, ஆகவே வேலையிழப்புக் காசு எடுக்க வழி இல்லை. காசு கட்டு, பலன் கேட்காதே. பண்ணைக்கு நாலு அடுக்கு, இவர்களுக்கு ஒரே ஒரு அடுக்கு. அதுவும் உள்ளே போகிற கதவு மட்டும் பூட்டின வீடு.

"நாளைக்கு வர வேண்டாம்"

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. என்ர சித்தப்பா 90களில் அகதி வழக்கு முடியாமல் இருந்த காலத்தில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு நேர்சரியில் வேலை செய்தவர். ஒரு கோடையில் ஆலங்கட்டி மழை கண்ணாடிக் கூரையை உடைத்து, உள்ளே நின்ற செடி எல்லாம் நாசம். முதலாளி கெட்ட மனுசன் இல்லை, அடுத்தநாள் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வர வேண்டாம், பிறகு சொல்லுறன்" என்றாராம். சித்தப்பா இதைக் கோபத்தோடு சொல்வதில்லை. வழமையான விஷயமாகத்தான் சொல்வார். என்னைக் குழப்புவது அந்த வழமைதான். கூரைக்குக் காப்புறுதி இருந்தது. வேலைக்குப் போன ஏழு பேருக்கு இருந்த அனர்த்த நிவாரணக் கொள்கை அந்த ஒரு வசனம்தான்.

இலங்கையிலும் இதைத்தானே பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை உடைத்தபோது நாங்கள் எல்லாரும் காசு சேர்த்தோம். லயன் அறைகளில் இருக்கிற தோட்டத் தொழிலாளிக்குத் தன் பெயரில் காணி இல்லை, வீட்டுறுதி இல்லை. 'உங்கட சொத்து என்ன, காட்டுங்கோ' என்று தொடங்குகிற எந்த நிவாரணப் படிவமும் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். நுவரெலியாவில் அது அநியாயம் என்று விளங்குகிற எங்களுக்கு, அபொட்ஸ்ஃபோர்டிலும் விளங்க வேணும்.

மறுப்புகள்

முதல் மறுப்பு: "முதலாளிக்குக் காசு போனால் வேலை திரும்ப வரும், வேலை வந்தால் தொழிலாளிக்கும் நல்லதுதானே." கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் திரும்ப நட்ட புளூபெரி காய்க்க வருஷங்கள் எடுக்கும், அதுவரை பழம் பிடுங்க ஆள் தேவையில்லை. சில பண்ணைகள் இயந்திரத்துக்கு மாறும். பழைய ஆக்களைத் திரும்பக் கூப்பிட வைப்பது அக்ரிரிக்கவரியின் நோக்கமே இல்லை. மேலே ஊற்றினால் கீழே சொட்டும் என்கிற வாதத்தை வேறு எந்த விஷயத்திலாவது நாங்கள் நம்புகிறோமா?

இரண்டாவது: "அவர்கள் இந்த நாட்டவர் இல்லையே." வரியும், ஓய்வூதியப் பங்கும், ஈ.ஐ. தவணையும் வெட்டும்போது இந்தக் கேள்வி வருவதில்லை. கொடுக்கிற நேரம் மட்டும்தான் வருகிறது.

மூன்றாவது: "தொழிலாளிக்கு நேராகக் காசு கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, ஆக்கள் வந்து போகினம், முகவரி இல்லை." இதுதான் அதிகாரிகளுக்குப் பிடித்த பதில். இதற்கு இரண்டு உதாரணம் போதும். 2020இல் சேர்ப் கொடுப்பனவு வந்தது ஞாபகம் இருக்கும்தானே. நாலு வாரத்துக்கு 2,000 டொலர், நேராக ஆளின் வங்கிக் கணக்குக்கு. குடியுரிமை கேட்கவில்லை. கனடாவில் வசிக்கிற, சமூகக் காப்புறுதி இலக்கம் இருக்கிற, குறைந்தது 5,000 டொலர் உழைத்து வேலை இழந்தவருக்குக் கிடைத்தது. இரண்டாவது அமெரிக்காவில். பெருந்தொற்றுக் காலச் செலவுக்காக விவசாயத் தொழிலாளருக்கும் இறைச்சி ஆலைத் தொழிலாளருக்கும் ஆளுக்கு 600 டொலர் கொடுக்கிற திட்டத்தை அமெரிக்க விவசாயத் திணைக்களமே நடத்தியது. காசு போனது முதலாளி ஊடாக இல்லை, தொழிற்சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் ஊடாக. முகவரி இல்லாதவரை அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு எதிர்மாறான உதாரணமும் கனடாவிலேயே இருக்கிறது. அதே 2020இல், வெளிநாட்டுத் தொழிலாளர் வந்து இறங்கி 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்றபோது மத்திய அரசு 50 மில்லியன் டொலர் ஒதுக்கியது. ஒரு தொழிலாளிக்கு 1,500 டொலர். அந்தக் காசு போனது முதலாளிக்கு. தொழிலாளியின் பெயரால் வந்த காசுகூட அவர் கைக்கு நேராக வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேணும். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது மாகாணச் சட்டமன்றத்தின் சபாநாயகர் ராஜ் சௌகான். 1980இல் கனடிய விவசாயத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் முதல் தலைவர். தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் சபையின் மிக உயர்ந்த கதிரையில் இருந்த காலத்திலும் நிவாரணப் படிவத்தில் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு கட்டம் வரவில்லை. ஆள் மேலே போவதால் மட்டும் விதி மாறாது. விதியை மாற்றச் சொல்லிக் கீழே இருந்து கேட்க வேணும்.

எந்தப் பழைய நிலைமைக்கு?

'மீட்பு' என்கிற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேணும். இருந்த மாதிரி ஆக்குவது என்பதுதான் அதன் பொருள். ஆனால் சூமாஸ் சமவெளி 100 வருஷத்துக்கு முந்தி சமவெளியே இல்லை. அது ஒரு ஏரி. செமாத் மக்கள் அந்த ஏரியின் மீனிலும் பறவையிலும் வாழ்ந்தார்கள். அவர்களின் எதிர்ப்பை மீறி 1924 அளவில் ஏரியை வற்றவைத்து, குடியேறிகளுக்கு விவசாய நிலமாக்கினார்கள். 2021இல் தண்ணி போனது தனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான்.

2024இல் வெளிவந்த ஒரு ஆய்வு, சூமாஸ் முதற்குடிகளின் தலைவர் டால்டன் சில்வரும் எழுதியவர்களில் ஒருவர், ஒரு கணக்கைப் போட்டது. ஏரிப்படுகையில் இருக்கிற சொத்துக்களை வாங்கி ஏரியைத் திரும்ப வரவிடுவதற்கு ஏறத்தாழ 1 பில்லியன் டொலர். கரையைத் திருத்திப் புதிய பம்ப் நிலையம் கட்டுவதற்கு 2.4 பில்லியன். இதை ஒரே நாளில் முடிவெடுக்க முடியாது, அங்கே இருக்கிற பண்ணைக் குடும்பங்களோடும் கதைக்க வேணும். ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் செடிக்கு நட்டஈடு கொடுத்து அதே இடத்தில் திரும்ப நடுவதுதான் ஒரே வழி என்று நாங்களும் நம்பிவிடக் கூடாது. காணியை வாங்குகிற நாள் ஒன்று வந்தால், உரிமையாளருக்குக் காணி விலை கிடைக்கும். அங்கே வேலை செய்த ஆளுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியை இப்பவே கேட்டு வைக்காவிட்டால், அன்றைக்கும் "நாளைக்கு வர வேண்டாம்" தான்.

என்ன கேட்பது

சரி, அப்ப என்ன செய்யிறது? என் பார்வையில் நாலு கோரிக்கை.

1. ஒவ்வொரு விவசாய அனர்த்த நிவாரணத் திட்டத்திலும் சம்பள இழப்புக்கு என்று ஒரு தனிப் பங்கு. அது தொழிலாளிக்கு நேராக, அல்லது தொழிற்சங்கமும் தொழிலாளர் நிலையமும் ஊடாகப் போக வேணும். ஊருக்குத் திரும்பிப் போனவரும் அங்கிருந்தே விண்ணப்பிக்க முடிய வேணும்.

2. அனர்த்தம் அறிவிக்கப்பட்ட இடத்தில், முதலாளியோடு கட்டின எல்லா வேலை அனுமதியும் உடனே திறந்த அனுமதியாக மாற வேணும். 2019இல் இருந்து துன்புறுத்தலுக்கு ஆளானவருக்குத் திறந்த அனுமதி எடுக்க வழி இருக்கிறது, ஆனால் துன்புறுத்தலை நிரூபிக்க வேணும். வெள்ளத்தை ஆருக்கு எதிராக நிரூபிப்பது? முடிவான கோரிக்கை எல்லாருக்கும் நிரந்தர வதிவிட உரிமைதான். இது அதற்கு முதல் படி.

3. தவணை கட்டுகிற எல்லாருக்கும் ஈ.ஐ. பலன். கொடுக்க மாட்டோம் என்றால் வெட்டாதீர்கள்.

4. பொதுக்காசு வாங்குகிற பண்ணைக்கும் நேர்சரிக்கும் நிபந்தனை. பழைய தொழிலாளரை முதலில் திரும்பக் கூப்பிட வேணும், சம்பள பாக்கி இருக்கக் கூடாது, தங்குமிடம் வெள்ளம் வராத இடத்தில் இருக்க வேணும். சின்னப் பண்ணைக்குத் தாராளமாக, பெரிய கம்பனிக்கு உச்ச வரம்போடு.

இதில் ஒன்றும் பண்ணைக்காரருக்கு எதிரானது இல்லை. சின்னப் பண்ணைக்காரரும் தொழிலாளியும் ஒரே தண்ணிக்குள் நின்றவர்கள். ஒருவரிடம் படிவம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. அந்த நாட்களில் குருத்வாராக்களில் சமைத்த சாப்பாடு வெள்ளத்தால் வழி மூடிக் கிடந்த ஊர்களுக்கு ஹெலிகொப்டரில் போனது. சாப்பிட வந்தவரிடம் காணி உறுதி கேட்டு ஒருவரும் சோறு போடவில்லை. அரசின் திட்டத்திடமும் அந்த அளவைத்தான் கேட்கிறோம்.

காலக்கெடு என்று முதலில் சொன்னேன். நான் மேலே சொன்ன விவசாயத் திட்டங்கள் எல்லாம் மத்திய அரசும் மாகாணங்களும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற ஒப்பந்தத்துக்குள் வருகின்றன. இப்போது இருக்கிற 3.5 பில்லியன் டொலர் ஒப்பந்தம் 2023 ஏப்ரல் 1இல் தொடங்கியது, 2028 மார்ச் 31இல் முடிகிறது. அடுத்ததை எழுதுகிற மேசையில் விவசாய அமைச்சர்கள் இருப்பார்கள், உற்பத்தியாளர் சங்கங்கள் கதவைத் தட்டும். தொழிலாளருக்காகத் தட்டுகிற கை குறைவு. தொழிலாளரே ஏற்கனவே ஒழுங்கமைந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தலைமை தாங்க நாங்கள் தேவையில்லை. எங்களிடம் இருப்பது வாக்கு, தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கிற வசதி, இரண்டு மூன்று மொழி, பெடிஷன் எழுதத் தெரிந்த கை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரையும், அவர் விவசாயக் குழுவில் இருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொண்டு வாருங்கோ. ஒன்டாரியோவில் இருக்கிறவை "அது பி.சி. பிரச்சினை" எண்டு இருக்க வேண்டாம். லெமிங்டன் கண்ணாடிக் கூடங்களிலும் நயாகராப் பழத்தோட்டங்களிலும் இதே அனுமதியோடுதான் ஆக்கள் வேலை செய்கிறார்கள். அங்கே தண்ணி வருவதற்கு முதல் படிவத்தில் அந்தக் கட்டத்தைப் போட வைக்க வேணும்.